எட்டாவது பெயர்

கல்யாண வீடுகளில் அவர் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். இலை போட்டு வைத்துக்கொண்டு கூப்பிட்டாலும் வர மாட்டார். "நீங்க உக்காருங்க, நான் பொறவு பாத்துக்கிடுதேன்" என்று வாசல் பக்கம் நகர்ந்துவிடுவார். கடைசிப் பந்தி வரும்போது பாயசம் தீர்ந்திருக்கும், அப்பளம் நமத்துப்போயிருக்கும். அவருக்கு அதெல்லாம் பெரிதில்லை. பரிமாறினவர்களும் பாத்திரம் தூக்கினவர்களும் அந்தப் பந்தியில்தான் உட்காருவார்கள். அவர்களோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார். "யாரு வேலை செஞ்சா, யாரு செஞ்ச மாதிரி நின்னான்னு இங்க வந்தாத்தான் தெரியும், தங்கச்சி" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க் அவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுகிற வேலை. அதனால் தெருவுக்கே அவர் டைம் ஆபீஸ்காரர். எனக்கு அண்ணாச்சி. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் மணக்கும். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் நாய் எட்டுக் குட்டி போட்டது. எங்கள் ஊர் வெள்ளை நாய், சொல்லிவைத்து வாங்கிப் போவார்கள். அண்ணாச்சி ஆடி அசைந்து போனபோது ஒரே ஒரு குட்டிதான் மிச்சம். அதற்குக் காது கேட்காது. அந்த வெள்ளைச் சாதியில் அப்படி ஒன்றிரண்டு பிறக்கும். தெரிந்தேதான் தூக்கி வந்தார். கையை இறக்கினால் உட்காரும், விரலைச் சுண்டினால் எழுந்து வரும் என்று பழக்கியிருந்தார்.

"கேக்காததுனாலதான் எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கு. வேற எந்த நாயி இப்படிப் பாக்கும்?" என்பார்.

அவர் வீட்டு மதினி விட மாட்டாள். "நல்ல நாயி பிடிச்சாந்தீக! கள்ளன் வந்தா நாமதான் போயி அத எழுப்பி விடணும்."

எங்கள் இரண்டு ஊரிலும் கூடைப்பந்து என்றால் ஒரு கிறுக்கு உண்டு. கோடை லீவில் விளக்குப் போட்டு ஆடுவார்கள். பெண்டு பிள்ளைகளெல்லாம் போய் உட்கார்ந்து பார்ப்போம். நான் சொல்கிற வருஷங்களில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்து ஒரு லீக் நடந்தது. எட்டு டீம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கம்பெனி. ஆட விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். டீம்காரர்கள் முறை வைத்து ஒவ்வொரு ஆளாக எடுப்பார்கள். அமெரிக்காவில் பெரிய ஆட்டங்களுக்கு இப்படித்தான் எடுப்பார்களாம். அங்கே போன வருஷம் அதிகம் தோற்ற டீம்களுக்கு முன்னால் முறை வரும் என்றார்கள். இங்கே அப்படிச் செய்தால் அடிதடியாகும் என்று சீட்டு வைத்தார்கள். ஆட்களை எடுப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, எட்டுச் சீட்டையும் ஆண்டாள் சன்னதியில் அர்ச்சனைத் தட்டில் வைத்து, டீமுக்கு ஒருவராக எடுப்பார்கள். வந்த சீட்டு பிடிக்காவிட்டால் இன்னொரு டீமோடு பேசி மாற்றிக்கொள்ளலாம்.

இதில் ஒரு விதி இருந்தது. முதல் சுற்றில் எடுக்கிற எட்டுப் பேருக்கும், எடுத்த கம்பெனி வேலை கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் ஒழுங்காக வந்தால் நிரந்தரம். இரண்டாம் சுற்று அப்படியே திரும்பி வரும். எட்டாவதாக எடுத்தவரே ஒன்பதாவதையும் எடுப்பார். ஆனால் ஒன்பதாவது ஆளிலிருந்து வேலை கிடையாது. பனியன், ஷூ, ஆடுகிற நாளைக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். எட்டாவது பெயருக்கும் ஒன்பதாவது பெயருக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் சோறு இருந்தது.

மில் டீமை அண்ணாச்சிதான் பார்த்துக்கொண்டார். எப்போதும் கடைசி முறையைத்தான் கேட்டு வாங்குவார். மூன்றோ நான்கோ சீட்டில் வந்தால்கூட எட்டாவது வைத்திருப்பவரிடம் போய் மாற்றிக்கொண்டு, பதிலுக்கு அவர்களிடமிருந்து ஒரு மாற்று ஆட்டக்காரரை வாங்கிக்கொள்வார். ஆட்கள் கேலி செய்வார்கள்.

"மொத ஆளு யாருன்னு டீக்கடையில நிக்கவனுக்கும் தெரியும்" என்பார். "அவனுக்கு ஊரெல்லாம் ஆளு இருக்கு. அடுத்த வருசம் அவன் எங்க இருப்பானோ? எட்டாவது ஆளுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா? அவன் இருப்பான்."

மில்லில் பகல் ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் போனில் அந்த அமெரிக்க ஆட்டத்தைப் பார்ப்பார். அதிலும் இதே கணக்குத்தான். "அங்க முப்பது டீமு. மொத ரெண்டு பேரப் பத்தி ஊரே பேசுது. இருவத்தெட்டாவதா எடுத்தவன் எங்க நிக்கான்னு பாரு, அந்த ஓரத்துல" என்று என் வீட்டுக்காரரிடம் போனை நீட்டுவார். மைதானத்தில் எல்லோரும் நடுவில் உட்கார்ந்தால் இவர் ஒரு கூடைக்குப் பின்னால் தனியாக நாற்காலி போட்டுக்கொள்வார். யார் பந்தைப் போட்டான் என்பதைவிட, போட்டுத் தவறியவன் திரும்பி ஓடினானா, இடுப்பில் கை வைத்து நின்றானா என்று பார்ப்பார். ஆட்டத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவன் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்து ஆளுக்கும் நீட்டுகிறானா என்றுகூடப் பார்ப்பார்.

எப்போதும் அவர் கண் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் சோழபுரத்துக்காரன் ஒருவனை எட்டாவதாக எடுத்தார். இருபதே நாளில் வேலையை விட்டு, மில் கொடுத்த பனியனோடும் பக்கத்து வீட்டுச் சைக்கிளோடும் அவன் காணாமல் போய்விட்டான். தெருவே சிரித்தது.

"என்ன அண்ணாச்சி, ஆளு இருப்பான்னீங்களே?"

"இருவது நாளு வந்தான்ல? ஒரு நாளும் லேட்டு இல்ல" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

மனிதர்களை அப்படி அளந்துகொண்டே இருப்பது எனக்குச் சில நேரம் பயமாகக்கூட இருக்கும். நான் வாசல் தெளிக்கிற நேரத்தில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், நம்மையும் எங்கேயோ எழுதுகிறாரோ என்று தோன்றும்.

என் வீட்டுக்காரருக்கு அப்போது இருபத்தேழு வயது. லீக்கில் பெயர் கொடுக்க அதுதான் கடைசி வயது. கழிவுப் பஞ்சுக் குடோனில் தினக்கூலி. எங்களுக்கு இரண்டு வயதில் பெண் குழந்தை. நான் வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணியைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நன்றாக ஆடுவார், ஆனால் முதல் வரிசை ஆட்டக்காரர் இல்லை. எட்டுப் பேரில் ஒருவராக வந்துவிட்டால் மில் வேலை. வராவிட்டால் ஆயுசுக்கும் குடோன்.

அவருக்கு இருமல் இருந்தது. ஓடும்போது வராது, படுத்தால் வரும். அதை யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் யார் எடுப்பார்கள்? ஒரு காலையில் குழாயடியில் அண்ணாச்சி கேட்டார்: "ஞாயித்துக்கிழமை ராத்திரி இருமல் சத்தம் கேக்கலியே?"

"குடோன் லீவுல்ல அண்ணாச்சி. பஞ்சுத் தூசி படலேன்னா அவியளுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்படியா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் வெள்ளிக்கிழமைச் சீட்டுக்கு நானும் கோயிலுக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி எடுத்த சீட்டில் ஒன்று என்று இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் தாய் வீட்டு ஊர்த் தெய்வம், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கையில் முதல் முறையைக் கொடுத்திருக்கிறாள். இனி என்ன குறை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏட்டி, கிறுக்கச்சி! மொத ஆளா என்னைய எடுத்தா ஊரே சிரிக்கும். அந்த ஆலங்குளத்துக்காரன் ஆறரை அடி இருக்கான். அவன விட்டுட்டு யாரு என்னைய எடுப்பா?"

மறுநாள் சாயங்காலம் செய்தி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பஸ் கம்பெனி டீம் எட்டாவது சீட்டு வைத்திருந்தது. அண்ணாச்சி அவர்களுக்கு ஒன்றைக் கொடுத்து எட்டை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை மாற்று ஆட்டக்காரர்கூட வாங்கவில்லை. கை நீட்டி ஏதோ வாங்கிவிட்டார் என்று தெருவில் பேசினார்கள். ஆண்டாள் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாரே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எட்டுன்னா நமக்கு ஒரு வழி இருக்குட்டி."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆள் எடுத்தார்கள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஆலங்குளத்துக்காரனை பஸ் கம்பெனி எடுத்தது, மண்டபமே கைதட்டியது. ஏழு பேர் முடிந்தது. அண்ணாச்சி எழுந்தார். கையில் இருந்த தாளைப் பார்க்காமலே தேவதானத்துக்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னார். குட்டை, கட்டை உடம்பு, முன்தலை வழுக்கை. யாரும் கைதட்டவில்லை. யார் என்றே பலருக்குத் தெரியவில்லை. அப்புறம் உட்காராமலே ஒன்பதாவது பெயரைச் சொன்னார். அது என் வீட்டுக்காரர் பெயர்.

அவர் எழுந்து நின்று சிரித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

குழாயடியில் நான் வாய் திறந்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. இருமல்காரனுக்கு மில் வேலை எதற்கு என்று கழித்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் புறவாசல் சுவருக்கு மேல் எட்டிக் கத்தினேன்.

"ஒரு நம்பரு! ஒரே ஒரு நம்பரு முன்னாடி சொல்லியிருந்தா ஒங்க வாயி என்ன வெந்தா போயிரும்? பக்கத்து வீடுன்னு வேண்டாம், எம் பிள்ள மொகத்தயாவது பாத்திருக்கக் கூடாதா?"

நாய் என்னைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "நாலு நாளு பொறு, தங்கச்சி."

அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் காட்டுகிற பேச்சாக எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஊருக்கு வெளியே இருக்கிற காளி கோயிலுக்குப் போனேன். அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி ஒரு காசை இரண்டாக வெட்டி அவள் முன்னால் போட்டால், அவள் கேட்பாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விளையாட்டுக் காரியம் இல்லை. தினமும் விளக்கேற்றுகிறவள் செய்யக்கூடியதும் இல்லை. செய்தேன். கல்லில் காசை வைத்து, உளியை நிறுத்தி, சுத்தியலால் அடித்தேன். மூன்றாவது அடியில் வெட்டுப்பட்டது. அண்ணாச்சியின் பெயரை முழுசாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் ஒருவர் எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தினார். பஸ் கம்பெனி மேனேஜர். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "டைம் ஆபீஸ்காரர் சொன்ன ஆள் நீங்கதானா?" என்றார். "திங்கக்கிழமை ஷெட்டுக்கு வந்துருங்க. ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோர்ல வேலை. மில்லு டீமுக்கே ஆடிக்கலாம், அதுல ஒண்ணும் தடை இல்ல."

நான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"ஒண்ணாம் நம்பருக்குப் பதிலா என்ன வேணும்னு எங்க மொதலாளி கேட்டாரு. அதுக்கு அவரு, நான் சொல்ற ஆளுக்கு ஒரு வேலை, தூசி இல்லாத எடமாப் பாத்துக் குடுங்கன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல. மொதலாளி வெளியூரு போயிருந்தாரு, நேத்துத்தான் கையெழுத்தாச்சு. இத வெளிய மட்டும் சொல்லிராதீக. மில்லுக்குத் தெரிஞ்சா அவருக்குச் சங்கடம்."

மில்லின் முதல் முறையை அவர் மில்லுக்காகச் செலவழிக்கவில்லை. அது சரியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தேவதானத்துக்காரருக்கு மில் வேலை, எங்களுக்கு ஷெட் வேலை. ஒரு சீட்டை இரண்டு அடுப்பாக ஆக்கிவிட்டார்.

நான் காளி கோயிலுக்கு ஓடினேன். அங்கே பூசை செய்கிற அம்மாள் தலையை ஆட்டினாள். "வெட்டிப் போட்டத நீயா எடுக்க முடியாது தாயி. யாரு பேரச் சொன்னியோ அவுகளக் கூட்டிட்டு வா. அவுக வலது கையால முழுக்காசு ஒண்ணு போடணும். அப்பத்தான் அவ மனசு எறங்குவா."

எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அண்ணாச்சியோ ஒன்றும் நடக்காதது மாதிரி, "குழம்பு என்ன தங்கச்சி, மணக்கு" என்பார்.

லீக் முடிந்தது. இறுதி ஆட்டத்தில் மில் டீமும் பஸ் கம்பெனியும் மோதின. தேவதானத்துக்காரர் கூடைக்கு அடியில் பாறை மாதிரி நின்றார். என் வீட்டுக்காரர் அப்படி ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருந்தும் ஆலங்குளத்துக்காரன் கடைசியில் ஒன்றைப் போட்டான். மில் இரண்டு பாயிண்டில் தோற்றது. கையில் வந்த முதல் சீட்டை விட்டவனுக்கு எதற்கு டீம் என்று மில் முதலாளி அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் காசுதான் வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஆனி மாதச் சாரலில் ஒரு நாள் அண்ணாச்சி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

போய் அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மதினி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "அடிப்பாவி! எம் புருசனுக்கா காசு வெட்டிப் போட்ட?"

"சும்மா இருட்டி" என்றார் அவர். "டயரு மொட்டையாகி ஆறு மாசம் ஆச்சு. மாத்தச் சொல்லி நீயுந்தான் கத்துன. காளியாத்தாளுக்கு வேற சோலி இல்லையா?" பிறகு என்னிடம், "எம்புட்டு நாளா இத மனசுல வச்சிக்கிட்டு அலையுத?" என்றார்.

"ரெண்டரை மாசமா, அண்ணாச்சி."

"வா, போவோம்."

அவர் எங்களுக்குச் செய்ததைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. ஆலங்குளத்துக்காரன் அடுத்த வருஷமே சென்னைக்கு ஒரு பெரிய டீமுக்குப் போனான். நல்லபடியாக இருக்கிறான் என்று கேள்வி. தேவதானத்துக்காரர் இன்றைக்கும் அதே மில்லில் மேஸ்திரி. என் வீட்டுக்காரர் அதே ஷெட்டில் ஸ்டோர் பார்க்கிறார். இருமல் எப்போது நின்றது என்றே நினைவில்லை. அண்ணாச்சி ரிடையர் ஆகி, மகனோடு கோயம்புத்தூரில் இருக்கப் போய், அங்கேயே காலமானார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். எனக்கு அவர் முகம் கடைசியாகத் தெளிவாக நிற்பது அந்தக் காளி கோயிலில்தான்.

செவ்வாய்க்கிழமை. கூட்டம் இருந்தது. முன்னால் வந்து நிற்கச் சொல்லிப் பூசாரியம்மாள் கையைக் காட்டினாள். கட்டுப்போட்ட கைக்காரர் என்று மற்றவர்களும் வழி விட்டார்கள். அவர் நகரவில்லை. "அவுக முடிக்கட்டும்" என்று ஓரமாக நின்றுகொண்டார். எல்லோரும் போன பிறகுதான் வந்தார். காளியின் முன்னால் வெட்டுப்பட்ட காசுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. குனிந்து பார்த்தார்.

"இதுல என் பேருக்கு எத்தன கெடக்கோ" என்றார். "லீக்குல மத்த ஏழு டீம்காரனும் எனக்கு முன்னாடியே வெட்டிப் போட்டிருப்பான். நீ எட்டாவதாத்தான் இருப்ப, தங்கச்சி."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

காசு போட வலது கை வேண்டும். அந்தக் கை முழங்கையிலிருந்து விரல் வரை கட்டுக்குள் இருந்தது, தூக்க முடியவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து முழுக்காசை நான்தான் எடுத்து, வெளியே தெரிந்த இரண்டு விரலுக்கு நடுவில் வைத்தேன். கட்டின் அடியில் என் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினேன். நான் சுருட்டுகிற அதே துணி. காசு நழுவி விழுந்த சத்தம் கேட்கும் வரை நான் கையை எடுக்கவில்லை.